வாசித்ததாகக் கொள்ளப்பட்டது

அக்டோபர் இரண்டாம் தேதி கிராமசபையில் தூக்கிய கைகள் இறங்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு கைகள். எல்லாம் வலது கை.

ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கேட்டு வந்த டாக்டர்களுக்கும் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முன்பு எங்களுக்கு ஒரு தலைவர் இருந்தார், பூலோகப்பாண்டி. ஊருக்காகப் பேசிவிட்டு வா என்று அனுப்பினோம், அவர் தனக்காகப் பேசிவிட்டு வந்தார். கண்மாய்க் கரை மண்ணை லாரி லாரியாக ஏற்றினார், காகிதத்தில் ஒரு ரோடு போட்டார், காகிதத்தில் மழை பெய்து அந்த ரோட்டில் பள்ளம் விழுந்ததாக எழுதி, காகிதத்திலேயே அதைச் செப்பனிட்டும் விட்டார். அவரை இறக்கிய வருஷம் ஒத்தவேலங்குளம் முழுக்கச் சமுதாயக்கூடத்தில் கூடி ஒரு முடிவுக்கு வந்தது: இனி நமக்காக ஒருத்தர் யோசிக்க வேண்டாம், விளக்குக் கம்பமோ வாய்க்காலோ எதுவானாலும் நாமே உட்கார்ந்து நாமே கை தூக்குவோம், ஒருத்தனை விலைக்கு வாங்கலாம், ஒரு ஊரை எவன் வாங்குவான் என்று.

சட்டத்துக்கு ஒரு தலைவர் வேண்டும். அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கியிருந்தது. தெற்குத் தெருவில் ஆடு மேய்க்கும் ஒரு பெண், புருஷன் இல்லாதவள். அவளிடம் போனோம்.

"நீ ஒண்ணும் யோசிக்க வேணாம்த்தா. ஊரு கை தூக்கும். நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

"யோசிக்கச் சொன்னாலும் நேரமில்ல," என்றாள். "ஆடு கெடக்கு."

அன்றிலிருந்து அவளுக்குக் 'கையெழுத்து' என்றே பெயராகிவிட்டது. சிறுசுகளுக்குக் கையெழுத்து அத்தை. பெரிசுகளுக்கு வெறும் கையெழுத்து.

மூன்று வருஷம் நன்றாகவே போனது. மறுக்க மாட்டேன். போட்ட ரோட்டில் கால் வைக்க முடிந்தது. ரேஷன் அரிசி எடை குறையவில்லை. ஆனால் கூட்டம் என்றால் வெயில் இருக்கிறது, வீட்டில் உலை கொதிக்கிறது, செயலர் நோட்டை விரித்து "தீர்மானம் எண் ஏழு" என்று தொண்டையைச் செருமுவதற்குள் பின்னாலிருந்து ஒருத்தர் "வாசிச்சதா வச்சுக்கப்பா" என்பார், சிரிப்பார்கள், கை தூக்குவார்கள், செயலர் 'வாசித்ததாகக் கொள்ளப்பட்டது' என்று எழுதுவார், அதன் கீழே அவள் கையெழுத்துப் போடுவாள். அதில் தப்பிருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பூலோகப்பாண்டியை நம்பாமல் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்த ஊர், தன்னை நம்பியதும் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டது.

அப்போதுதான் சாயப்பட்டறைக்காரர்களுக்காகத் தரகர் நீலமேகம் வந்தார். துணிக்குச் சாயம் போட்ட தண்ணீரை விட அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். எங்கள் கண்மாய் வேண்டும். நான் தையல்காரன். சட்டைக்குப் பித்தான் தைக்க வந்து என் கடையில் உட்கார்ந்தார்.

"பூலோகப்பாண்டி காலத்துல ரொம்பச் செரமம் டெய்லரே. அந்தாளுக்குத் தன் வெல தெரியும், பேசிப் பேசி ஏத்துவாரு. இப்ப அப்பிடி இல்ல. ஆளாளுக்கு ஒரே வார்த்தைதான் சொல்றாக. என் ஒரு கைதானங்கறாக."

ஆளுக்கு ஓர் எவர்சில்வர் குடம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். என் மகள் சுகப்பிரியாவுக்கும் தனியாக ஒன்று. அவளுக்கு அப்போது நாலாம் மாதம், மருமகன் லாரியில் வடக்கே போயிருந்தான், எங்களோடு இருந்தாள். தண்ணீரைக் கொடுத்துக் குடம் வாங்கின ஊர் உலகத்தில் நாங்கள் ஒன்றுதான் இருக்கும்.

தீர்மானத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது என இன்று சொல்கிறார்கள். சும்மா சொல்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும். வாசிக்காமல் இருந்ததுதான் வசதி. காதில் விழாதது தெரியாதது மாதிரியே இருக்கும்.

அக்டோபர் இரண்டு, பகல் பதினொரு மணி. "வாசிச்சதா வச்சுக்கப்பா." கை தூக்கினோம். செயலரும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே இன்னொரு கையால் எண்ணினார். "நானூத்திப் பன்னெண்டு. ஏகமனதா நிறைவேறுச்சு. எறக்கலாம்" என்றார்.

இறங்கவில்லை.

முதலில் சிரித்தார்கள். அப்புறம் இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்தார்கள். அப்புறம் ஒருத்தர் கையில் ஒருத்தர் தொங்கிப் பார்த்தார்கள். வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை, கை அதுபாட்டுக்கு மேலே நின்றது, யாரோ கேட்கப் போகிற ஒன்றுக்குக் காத்திருப்பது போல. மேடையில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்திருந்த கையெழுத்து மட்டும்தான் கை தூக்காதவள். அவளைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பழகிக்கொண்டோம். எங்கள் ஊர் எதற்கும் பழகும். சட்டைகளை அக்குளிலிருந்து இடுப்பு வரை பிரித்து ஊக்கு வைத்துக் கொடுத்தேன், ஒற்றைக் கையால் அதற்கு ஒரு வாரம் பிடித்தது, ரவிக்கைக்கு இரண்டு வாரம். சாப்பிடுவதும் இடது கை, கழுவுவதும் இடது கை என்றானபோது பத்து நாள் வெட்கப்பட்டோம், பதினோராம் நாள் பந்தி போட்டோம். வாசல் நிலைகளை ஒரு முழம் உயர்த்திக் கட்டினோம். எங்கள் ஊருக்குத் திரும்பும் விலக்கில் ஜென்மத்துக்கும் நிற்காத பஸ்ஸெல்லாம் நின்றது, போகிற வருகிற ஒவ்வொருத்தரையும் பார்த்து டிரைவர் பிரேக் அடித்தார், "ஏறப் போறீகளா, இல்ல அந்த ஊரா?" என்று கண்டக்டர் கேட்டார். வீச்சரிவாளோடு சண்டைக்குப் போன இரண்டு பங்காளிகள் அரிவாளை இடது கையில் பிடித்து, வெட்டத் தெரியாமல், பேசித் தீர்த்துக்கொண்டார்கள். தாலியை மாப்பிள்ளை இடது கையால் பிடிக்க அவன் அக்காள் தன் இடது கையால் முடிச்சுப் போட்டாள். செத்துப்போன கிழவனை உட்கார வைத்துப் புதைக்க ஓர் ஆள் ஆழம் கூடுதலாகக் குழி தோண்டினோம், அப்படியும் மண் மூடியபோது விரல் நுனி தெரிந்தது, அதன் மேல் ஒரு கல்லை வைத்தோம். எந்தக் கட்சிக் கூட்டம் என்றாலும் லாரி வைத்து எங்களை அழைத்துப் போனார்கள். உற்சாகமான கூட்டம் என்று படத்தோடு பேப்பரில் வந்தோம்.

நவம்பர் ஒன்றாம் தேதி அடுத்த கிராமசபை. சாயத் தண்ணீரைக் கண்மாயில் விட இரண்டாவது குழாய்க்குத் தீர்மானம். நாங்கள் வேண்டாம் என்று கத்தினோம். செயலர் பாவம், நேர்மையாகவே கேட்டார்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் மேலேதான் இருந்தன. எண்ணினார்.

"எதிர்க்கிறவங்க தூக்குங்க."

அதற்கும் மேலேதான் இருந்தன. ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி நீலமேகத்தைப் பார்த்தார். நீலமேகம் மெதுவாகச் சொன்னார், "அது ஏற்கெனவே தூக்கின கைங்க. புதுசா யாரும் தூக்கலையே."

வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் கை மிச்சமில்லை. அன்று இரண்டாவது குழாய் நிறைவேறியது, பிறகு சுடுகாட்டுப் பாதை போனது, பள்ளிக்கூட மைதானத்தில் பாதி போனது. ஒருத்தருக்கும் குடம் தரவில்லை. தர என்ன அவசியம்?

கண்மாய் சிவப்பானது. மறு வாரம் நீலம். கொக்குகள் வெள்ளையாக இறங்கி ஊதாக் காலோடு எழுந்தன. மீன் மிதந்தது. கிணறுகளில் கசப்பு ஊறியது. அந்தக் குடத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் இரண்டு மைல் நடந்தார்கள், வலது கை வானத்தில், இடுப்பில் குடம், பிடிக்க ஒரே கை.

சுகப்பிரியாவை ஆறாம் மாதம் டவுனுக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப் போனேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா திரும்பி எங்கள் கைகளைப் பார்த்தார்.

"எந்த ஊர் நீங்க?"

சொன்னேன்.

"குழந்தை வலது கையைத் தூக்கி வச்சிருக்கு. இன்னைக்கு மட்டும்னா பரவாயில்ல. முக்கால் மணி நேரமாப் பாக்குறேன், எறக்கவே இல்ல. பிரசவத்துல கை முன்னால வந்தா ஆபத்து."

"ஆபரேசன் பண்ணி எடுத்துரலாம்ல?" என்றேன்.

"எடுத்துரலாம். கையை என்ன பண்ண?"

பஸ்ஸை விட்டு விலக்கில் இறங்கினதும் சுகப்பிரியா சொன்னாள், "நான் குடம் வாங்கினேன்ப்பா. இது என்ன வாங்குச்சு?"

குடத்தை இருவருக்கும் சேர்த்து வாங்கி வந்ததே நான்தான்.

நாங்கள் செய்யாதது இல்லை. கோயிலில் ஒற்றைக் கையால் கும்பிட்டோம், எண்ணெய் தேய்த்தோம், வைத்தியர் வந்து கையில் மணல் மூட்டை கட்டினார், மூட்டை அறுந்ததுதான் மிச்சம். வாங்கின குடத்தை எல்லாம் சுமந்துபோய் நீலமேகம் வீட்டு வாசலில் வைத்தோம். "இதத் திருப்பிக் குடுத்தா கை எறங்கும்னு யாரு சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை. திரும்ப எடுத்து வந்தோம்.

ஜனவரி பொங்கலுக்கு மறுநாள் சுகப்பிரியா கையெழுத்தின் கொட்டிலுக்குப் போனாள். எட்டாம் மாதம். துணைக்கு நானும் போனேன். ஊரில் மூன்று மாதமாக இரண்டு கையால் வேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான், ஒரு கிடாயைப் படுக்கப் போட்டுக் குளம்பு சீவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இனிமே நீங்க கையெழுத்துப் போடாதீங்க."

"போடாட்டி? நாலாம் நாள் என்னைத் தூக்கிட்டு வேற கையெழுத்தக் கொண்டாருவீக. யோசிக்காதன்னு சொல்லித்தான நாற்காலில வச்சீக." என்னைப் பார்த்தாள். "என்ன டெய்லரண்ணே, சொன்னீகளா இல்லையா?"

"சொன்னோம்," என்றேன்.

சுகப்பிரியா அழவில்லை. இடது கையால் அவள் கையைப் பிடித்து வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே ஒரு சின்ன முஷ்டி மேலே பார்த்து முட்டிக்கொண்டிருந்தது. ஆடு மேய்க்கிறவளுக்கு வயிற்றைத் தொட்டாலே எது தலை எது கால் என்று தெரியும். முகம் மாறியது.

"அந்த நோட்டுல என்னதான் எழுதியிருந்துச்சு?"

"தெரியல அத்தை. வாசிக்கலையே."

"படிச்சவ நீ. ஒனக்கே தெரியாதா?"

"நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

"எனக்கு எம்பேர எழுதத்தான் தெரியும். அதையும் வாசிக்கத் தெரியாது."

மூன்று வருஷம். யாரும் அவளைக் கேட்டதில்லை. கிடாய் எழுந்து உதறிக்கொண்டு போனது.

"அப்ப ஊருல ஒருத்தருமே கேக்கல," என்றாள். "கேக்காம எப்பிடித்தா கை எறங்கும்?"

ஜனவரி இருபத்தாறு. கொடி ஏற்றிவிட்டுச் சமுதாயக்கூடத்தில் உட்கார்ந்தோம். நீலமேகம் முன் வரிசையில் இருந்தார், அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலர் நோட்டை விரித்தார்.

"தீர்மானம் எண் பதினாலு. வாசித்ததாகக்…"

"கொள்ளல," என்றாள் மேடையில் இருந்த கையெழுத்து.

"என்னது?"

"வாசிச்சதாக் கொள்ளலங்கறேன். மொதல்ல அக்டோபர் மாசத்தத வாசி. அதே இன்னும் முடியல. பாரு, ஒரு கை எறங்கல."

"அது முடிஞ்சுபோன தீர்மானம்மா."

"முடிஞ்சிருந்தா ஏன் நீ இன்னும் தூக்கிட்டு நிக்கிற?"

செயலர் தலைக்கு மேலிருந்த தன் கையைப் பார்த்தார். எழுதினவரால் வாசிக்க முடியவில்லை. சுகப்பிரியா போய் நோட்டை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வார்த்தையாக மகள் காதில் சொல்ல, அதைக் கையெழுத்து மலையடிவாரத்து ஆட்டைக் கூப்பிடுகிற குரலில் திருப்பிச் சொன்னாள். ஒத்தவேலங்குளம் கண்மாயின் தண்ணீரை. ஊரார். குடிப்பதில்லை என்பதாலும். அத்தண்ணீரால். பயிர் விளைவதில்லை என்பதாலும். சாயக் கழிவை. அதில் விட. ஊரில் ஒருவருக்கும். ஆட்சேபணை இல்லை. கூடத்துக்கு வெளியே குழந்தைகள் அந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லி விளையாட ஆரம்பித்தன. அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

வாசித்து முடித்தாள். கைகள் அப்படியே நின்றன.

"சின்னக்காளை மாமா," என்றாள். முன்னால் இருந்த கிழவர் நிமிர்ந்தார். "கண்மாய்த் தண்ணிய நீங்க குடிச்சதே இல்லையா?"

"எல்லாருந்தான தூக்குனாங்க தாயி…"

"எல்லாரையும் கேக்கல. ஒங்களக் கேக்கேன்."

நீலமேகம் எழுந்தார். "ஒவ்வொருத்தரையா கேக்கச் சட்டத்துல எடமில்ல."

"கேக்கக் கூடாதுன்னு இருக்கா?" என்றாள் அதிகாரியிடம். அவர் புத்தகத்தைப் புரட்டினார், முன்னும் பின்னும் புரட்டினார். "அப்படியும் இல்ல" என்றார்.

சின்னக்காளை அழுதார். "குடிச்சேன். அறுவது வருசம் குடிச்சேன்."

"இப்பச் சாயத்த விடட்டுமா வேணாமா?"

"வேணாம்."

காய்ந்த கிளை முறிகிற சத்தம். கை இறங்கியது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டு, அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒவ்வொருத்தராக. வரிசை கிடையாது, எண் கிடையாது, பெயர் சொல்லித்தான். ஆடு மேய்க்கிறவளுக்கு ஊரில் எல்லார் வேலியும் தெரியும், எல்லார் பெயரும் தெரியும், வேலி தாண்டின ஆட்டுக்காக எல்லாரும் அவளை ஒரு தரம் திட்டியிருக்கிறார்கள். மாமா என்றாள், மதினி என்றாள், கொழுந்தனாரே என்றாள், ஒருத்தருக்கும் கூட்டத்துக்குள் ஒளிய இடம் கொடுக்கவில்லை. பக்கத்து ஆளைப் பார்த்தவர்களிடம் "அங்கிட்டு என்ன பார்வை, கை ஒங்களுதுதான?" என்றாள். வீட்டில் உலை ஆறிப்போனது, வெயில் கூடத்துக்குள் வந்து சுவரேறிப் போனது, யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆமாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். "எம்மகன் பட்டறையில வேலைக்குப் போறான் மதினி, தண்ணி விட்டாத்தான் அவனுக்குக் கஞ்சி. விடட்டும்" என்றாள் ஒருத்தி, கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அவள் கையும் இறங்கியது. கைக்கு வேண்டியது ஒரு பதில். எந்தப் பதில் என்பதல்ல. பூலோகப்பாண்டி மட்டும் "வேண்டவே வேண்டாம், கண்மாய் எங்க ஆத்தா மாதிரி" என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார், அவர் கை அசையவில்லை.

"பொய் சொல்லாதீக மச்சான்."

"பொய்யில்ல."

"கை சொல்லுதே."

நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கூடம் சிரித்தது. "சரி, விடட்டும்!" என்று கத்தினார். கை இறங்கி அவர் முழங்காலிலேயே அடித்தது.

என் முறை வந்தது. "டெய்லரண்ணே."

"தெரிஞ்சேதான் தூக்கினேன்," என்றேன். "வேண்டாம்."

கடைசியில் சுகப்பிரியா. அவளிடம் மட்டும் கையெழுத்து கேள்வி கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். "வேண்டாம் அத்தை" என்று மகள் சொன்னதும் அவள் கை இறங்கியது. ஒரு நிமிஷம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நான் ஓடினேன். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் தண்ணீர்.

"எறக்கிருச்சுப்பா."

ஆமாம் என்றவர்கள் முப்பத்தேழு. மற்றவர்கள் வேண்டாம். நீலமேகம் தானே ஒரு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கண்மாய் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது, நாலைந்து மழை போக வேண்டும் என்கிறார்கள், போனாலும் சொல்ல முடியாதாம். குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டோம், இரண்டு கையால்.

அன்று அந்தி சாய்ந்தபோது செயலர் நோட்டில் தீர்மானத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, 'வாசித்ததாகக் கொள்ளப்பட்டது' என்று எழுதும் இடத்துக்கு வந்து நின்றார். அதையும் அடித்தார். 'வாசித்தவர்' என்று எழுதினார். பேனா அதற்கு மேல் நகரவில்லை. கூடத்தைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவளின் பெயர் எங்களில் ஒருத்தருக்கும் வாயில் வரவில்லை, நோட்டில் அவள் போட்ட கிறுக்கலிலும் அதை வாசிக்க முடியவில்லை. அவள் ஆடுகளை அடைக்க வேண்டுமென்று கிளம்பி வாசலுக்குப் போயிருந்தாள்.

செயலர் எழுந்து ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதினார்.

வாசித்தவர்: க. ஒச்சம்மாள்.